பொறி விழும் நேரம்



போன வாரம் நாம் ரேஷன் கார்டைப் படித்தோம். அதற்கு முந்தின வாரம் வங்கிச் சீட்டை நிரப்பினோம். இந்த வாரம் என்ன படிக்கலாம் என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஓர் அண்ணன் எழுந்தார். "எங்களுக்கு எஞ்சினைப் பற்றிச் சொல்லுங்க. எங்க சோறு அதுலதான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. நம் பொழியூரில் எஞ்சின் ஓடினால்தான் அடுப்பு எரியும். அதனால் இன்றைக்கு எஞ்சினைப் பற்றிப் பேசுகிறேன். எல்லாவற்றையும் அல்ல. ஒரே ஒரு விஷயம். அதற்கு டைமிங் என்று பெயர். எஞ்சினுக்குள் தீப்பொறி விழுகிற நேரம்தான் டைமிங்.

நான் மெக்கானிக் இல்லை. ஒரு நல்ல மெக்கானிக் அண்ணனிடம் கேட்டும், பக்கத்தில் இருந்து பார்த்தும், புத்தகத்தில் படித்தும் தெரிந்து கொண்டதைத்தான் சொல்கிறேன்.

ஓர் இரவு நடந்த கதை

முதலில் ஒரு கதை. இது எங்கள் பக்கத்து வீட்டில் நடந்தது.

அந்த அண்ணனிடம் ஒரு பிளைவுட் வள்ளம் இருக்கிறது. அதில் 2 சிலிண்டர் எஞ்சின். மண்ணெண்ணெயில் ஓடுவது. ஒரு நாள் எஞ்சினுக்கு இழுவை குறைந்து போனது. கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் வள்ளம் பாயவில்லை. எண்ணெய் மட்டும் கூடுதலாகக் குடித்தது.

அண்ணன் எஞ்சினை ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார். அங்கே இருந்தவர் மூடியைத் திறந்தார். காதால் சத்தத்தைக் கேட்டார். "டைமிங் பிந்திப் போச்சு. கொஞ்சம் முன்னால தள்ளி வைக்கணும்" என்றார். ஒரு கம்பியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. அண்ணனுக்கு சந்தோஷம். காசைக் கொடுத்து விட்டு வந்தார்.

ஐந்து நாள் எஞ்சின் பறந்தது. ஆனால் ஒரு விஷயம். காலையில் கயிற்றை இழுத்தால் எஞ்சின் எதிர்த்து உதைத்தது. கயிறு கையைப் பிடுங்கியது. அண்ணனின் தோள் வீங்கியது. வேகமாக ஓடும் போது உள்ளே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வேகம் இருக்கிறதே என்று நினைத்தார்கள்.

ஆறாம் நாள் நடுக்கடலில் எஞ்சின் நின்று விட்டது. மேல் சிலிண்டரின் பிஸ்டனில் ஓட்டை விழுந்து விட்டது. வள்ளத்தில் நாலு பேர். செல்போனில் சிக்னல் இல்லை. ஒழுக்கு வள்ளத்தைத் தெற்கே கொண்டு போனது. இரவு முழுவதும் டார்ச் விளக்கை ஆட்டிக் கொண்டே இருந்தார்கள். விடியும் நேரத்தில் தூத்தூர் பக்கத்துப் படகு ஒன்று பார்த்துக் கட்டி இழுத்து வந்தது.

கரையில் அக்கா விடிய விடிய நின்றார். அந்த இரவை நான் மறக்க மாட்டேன். 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு, வள்ளம் வர ஒரு மணி நேரம் தாமதமானாலும் நம் கடப்புறத்தில் யாருக்கும் நெஞ்சு நிற்பதில்லை. காற்றை நம்மால் திருத்த முடியாது. எஞ்சினைத் திருத்த முடியும். அதனால்தான் இந்தப் பேச்சு.

பட்டறைக்காரர் செய்த தவறு என்ன? கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

எஞ்சின் வந்த வழி

நம் அப்பன்மார் கட்டுமரத்தில் போனார்கள். துடுப்பும் பாயும்தான் துணை. காற்று நின்றால் கை வலிக்கத் துழாவ வேண்டும்.

வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சினை அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் செய்து 1909-இல் விற்கத் தொடங்கினார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வெயில் நாளில் ஓர் ஏரியில் ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டுப் போனாராம். திரும்பி வருவதற்குள் அது உருகிப் போனதாம். அப்போதுதான் படகுக்கு எஞ்சின் வேண்டும் என்று தோன்றியதாம். பிறகு ஜப்பானில் யமஹா, சுசுகி கம்பெனிகளும் இப்படிப்பட்ட எஞ்சின்களைச் செய்தன.

நம் கேரளக் கரையில் 1980-க்குப் பிறகுதான் இந்த எஞ்சின்கள் நிறைய வந்தன. அந்த 1980-இல்தான் திருவனந்தபுரத்தில் சிஃப்ஸ் என்ற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பிறந்தது. 1984-இல் மத்ஸ்யஃபெட் வந்தது. சில வருடங்களில் கரை முழுக்க எஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

எஞ்சின் வந்தது. எஞ்சினோடு ஒரு புத்தகமும் வந்தது. எஞ்சினை இறக்கி வைத்தோம். புத்தகத்தை மச்சில் போட்டு விட்டோம். நமக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்தோம். இப்போது எழுத்தும் எண்ணும் தெரியும். இனி அந்தப் புத்தகத்தை இறக்கி எடுக்கலாம்.

சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது?

சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும். நம் வள்ளத்தில் எஞ்சின் நிற்கிற நிலையில் சிலிண்டர் படுத்துக் கிடக்கும். பிஸ்டன் முன்னும் பின்னும் போகும். ஆனாலும் பிளக் இருக்கிற பக்கத்தை 'மேல் முனை' என்றே சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

எண்ணெயும் காற்றும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் மேலே போய் அதை நெருக்கும். அப்போது பிளக்கில் ஒரு பொறி விழும். கலவை தீப்பிடிக்கும். தீயின் வேகம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்தத் தள்ளுதான் புரொப்பல்லரைச் சுற்றுகிறது.

இங்கே ஒரு கேள்வி. பொறி எப்போது விழ வேண்டும்? பிஸ்டன் மேலே ஏறும் போதா? மேல் முனையில் நிற்கும் போதா? கீழே இறங்கும் போதா?

வள்ளத்தைக் கடலில் இறக்குவதை நினைத்துப் பாருங்கள். அலை வருவதற்கு முன்னால் தள்ளினால் வள்ளம் மணலில் நிற்கும். முதுகுதான் வலிக்கும். அலை போன பிறகு தள்ளினாலும் பயன் இல்லை. அலை தூக்குகிற நேரத்தில் தள்ள வேண்டும். ஒரே தள்ளில் வள்ளம் போய் விடும். எஞ்சினும் அப்படித்தான்.

தீயின் தள்ளு எப்போது பலமாக இருக்க வேண்டும்? பிஸ்டன் மேல் முனையைத் தாண்டி, கொஞ்சம் இறங்கத் தொடங்கும் போது. அதுதான் அலை தூக்குகிற நேரம்.

ஆனால் பொறி விழுந்த உடனே எல்லாம் எரிந்து விடாது. ஓலைக் குடிசையில் ஒரு மூலையில் தீப்பிடித்தால் மறு மூலைக்குப் பரவ நேரம் எடுக்கும் அல்லவா? சிலிண்டருக்குள்ளும் தீ பரவ நேரம் வேண்டும். மிகச் சிறிய நேரம்தான். ஆனாலும் வேண்டும். அதனால் பிஸ்டன் மேல் முனைக்கு வருவதற்கு முன்னாலேயே பொறி விழ வேண்டும். இதைத்தான் 'அட்வான்ஸ்' என்கிறார்கள். முன்னால் தள்ளி வைப்பது என்று பொருள். பின்னால் தள்ளி வைப்பதை 'ரிட்டார்டு' என்கிறார்கள்.

எவ்வளவு முன்னால் என்பதை டிகிரியில் அளப்பார்கள். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. பாதிச் சுற்று 180. கால் சுற்று 90. கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் 30 டிகிரி. பெரிய முள் 12-இல் நிற்பதை மேல் முனை என்று வையுங்கள். 11-இல் பொறி விழுந்தால் அது 30 டிகிரி முன்னால்.

ஒரு சின்னக் கணக்கு

சிலேட்டை எடுங்கள். ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு நொடியை 1000 துண்டாக வெட்டுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று மெதுவாக ஓடுகிறது. அப்போது ஒரு சுற்றுக்கு 60 துண்டு நேரம். 30 டிகிரி என்பது 12-இல் ஒரு பங்கு. 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5. ஆக 30 டிகிரி கடக்க 5 துண்டு நேரம்.

இப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 12 துண்டு நேரம்தான். 12-ஐ 12-ஆல் வகுத்தால் 1. அதே 30 டிகிரியை ஒரே துண்டு நேரத்தில் கடந்து விடும்.

பிஸ்டன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது. தீ அந்த அளவுக்கு வேகம் கூடுவதில்லை. அப்படியானால் வேகம் கூடும் போது பொறி இன்னும் முன்னால் விழ வேண்டும். மெதுவாக ஓடும் போது மேல் முனையை ஒட்டி விழுந்தால் போதும். இதைப் புரிந்து கொண்டால் டைமிங்கில் பாதி புரிந்து விட்டது.

பொறி எங்கிருந்து வருகிறது?

நம் சிறிய வள்ள எஞ்சின்கள் பலவற்றுக்கு பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்தால் பொறி வருகிறது. எப்படி?

எஞ்சின் மூடியைத் திறந்தால் மேலே ஒரு கனமான சக்கரம் தெரியும். அதுதான் பிளைவீல். அதன் உள்பக்கம் காந்தம் இருக்கிறது. கீழே ஒரு தட்டு இருக்கிறது. அதில் செம்புக் கம்பி சுற்றிய காயில்கள் இருக்கின்றன. காந்தம் காயிலைக் கடந்து ஓடும் போது கம்பியில் மின்சாரம் பிறக்கும். இதற்கு மேக்னெட்டோ என்று பெயர். 1897-இல் ஜெர்மனியில் ராபர்ட் போஷ் என்பவரின் பட்டறையில் இதை வண்டி எஞ்சினில் வைத்தார்கள். பேட்டரி இல்லாமல் பொறி உண்டாக்கும் வழி அது.

இன்றைய எஞ்சினில் சி.டி.ஐ. என்று ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அது ஒரு குடம் மாதிரி. காயிலில் பிறக்கும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். 'இப்போது ஊற்று' என்று சைகை வந்தவுடன் ஒரே ஊற்றாக ஊற்றி விடும். அது இன்னொரு காயில் வழியாகப் போய், பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருகி, பிளக்கில் பொறியாகத் தெறிக்கும்.

அந்தச் சைகையைக் கொடுப்பது பல்சர் காயில் என்ற சிறிய காயில். பழைய மாதிரி 2 சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் அது தட்டிலேயே இருக்கும். தட்டைச் சிறிது திருப்பினால் சைகை முந்தும் அல்லது பிந்தும். பொறியும் முந்தும் அல்லது பிந்தும்.

நீங்கள் கைப்பிடியைத் திருகும் போது இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, கார்பரேட்டர் திறந்து எண்ணெய் கூடுதலாகப் போகிறது. இரண்டு, ஒரு கம்பி அந்தத் தட்டைத் திருப்புகிறது. வேகம் கூடக் கூடப் பொறி முன்னால் போகிறது. இரண்டும் கை கோத்து நடக்க வேண்டும். அந்தக் கம்பியின் நீளம் மாறினால் டைமிங் மாறி விடும்.

இரண்டு சிலிண்டர், இரண்டு துடுப்பு

எஞ்சினில் 2 சிலிண்டர் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளுவதில்லை. ஒன்று மேலே இருக்கும் போது மற்றது கீழே இருக்கும். அதாவது பாதிச் சுற்று, 180 டிகிரி வித்தியாசம். கட்டுமரத்தில் இரண்டு பேர் மாறி மாறித் துடுப்புப் போடுவது போல.

ஒருவர் சரியாகப் போட்டு மற்றவர் பிந்திப் போட்டால் என்ன ஆகும்? மரம் ஆடும். ஒருவருக்கே பாரம் கூடும். எஞ்சினிலும் அதுதான். ஒரு சிலிண்டரின் டைமிங் சரி, மற்றது தவறு என்றால் எஞ்சின் நடுங்கும். அதனால் ஒரு சிலிண்டரைப் பார்த்து விட்டு மூடியை மூடக் கூடாது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

4 சிலிண்டர் கார் எஞ்சினில் பொறி 1, 3, 4, 2 என்ற வரிசையில் விழுவதைப் பல வண்டிகளில் காணலாம். இன்றைய கார்களிலும் புதிய பெரிய படகு எஞ்சின்களிலும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. எஞ்சின் எந்த இடத்தில் சுற்றுகிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்பதை அது பார்க்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி விழும் நேரத்தை அதுவே தீர்மானிக்கும். அங்கே தட்டைத் திருப்பும் வேலை இல்லை. ஆனால் உப்புக் காற்றில் ஒயர் முனை துருப்பிடித்தால் கம்ப்யூட்டருக்கும் கண் தெரியாது.

மண்ணெண்ணெய்க்குத் தனிக் கவனம்

நாம் பெட்ரோலில் எஞ்சினை எடுக்கிறோம். சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். ஏன்? மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. எஞ்சின் சூடாக வேண்டும்.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு குணம் உண்டு. நெருக்கினால் அது பெட்ரோலை விடச் சீக்கிரம் தானாகவே வெடிக்கும். பொறி மிகவும் முன்னால் விழுந்தால் உள்ளே சூடும் அழுத்தமும் கூடி, மிச்சக் கலவை ஒரேயடியாக வெடித்து விடும். அந்த வெடிப்புத்தான் 'டிக் டிக்' என்று கேட்கிறது. தகரத்தில் சிறு கல் எறிந்தது போன்ற சத்தம். அது பிஸ்டன் தலையில் விழும் சுத்தியல் அடி. தொடர்ந்து அடித்தால் பிஸ்டன் உருகும், ஓட்டை விழும்.

அதனால் கரையில் பெட்ரோலில் ஓட்டிப் பார்த்து 'நல்ல சத்தம்' என்று டைமிங்கை முன்னால் தள்ளக் கூடாது. கடலில் முழு வேகத்தில், முழுப் பாரத்தில், மண்ணெண்ணெயில் ஓடும் போதுதான் உண்மை தெரியும். அப்போது தெரிந்து பயன் இல்லை.

அடையாளங்களை மனதில் வையுங்கள்.

டைமிங் மிகவும் முந்தினால்: கயிறு எதிர்த்து உதைக்கும். 'டிக் டிக்' சத்தம் வரும். எஞ்சின் அதிகம் சூடாகும்.

டைமிங் மிகவும் பிந்தினால்: இழுவை குறையும். எண்ணெய் அதிகம் செலவாகும். புகைக் குழாய்ப் பக்கம் சூடு கூடும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் டைமிங்கைக் குறை சொல்லாதீர்கள். பிளக்கில் கரி பிடித்தாலும் இழுவை குறையும். எண்ணெயில் தண்ணீர் கலந்தாலும் குறையும். புரொப்பல்லரில் வலைத்துண்டு சுற்றினாலும் குறையும். குளிர வைக்கும் தண்ணீர் வராவிட்டாலும் எஞ்சின் சூடாகும். முதலில் இவற்றைப் பாருங்கள். டைமிங் கடைசியில்.

டைமிங்கை எப்படிப் பார்ப்பது?

இது மெக்கானிக் செய்யும் வேலை. ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்று நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் கேள்வி கேட்க முடியும்.

முதல் படி. எஞ்சினைக் கரையில் ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். எண்ணெய்க் குழாயைக் கழற்ற வேண்டும். இரண்டு பிளக்கையும் எடுக்க வேண்டும். பிளக் ஒயர் முனைகளை எஞ்சின் உடலோடு சேர்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பொறி தெறிக்கும். பக்கத்தில் பெட்ரோல் இருந்தால் ஆபத்து.

இரண்டாம் படி. எஞ்சின் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினில் ஒட்டிய தகட்டில் மாடல் எண் இருக்கும். புத்தகத்திலும் அதே எண் இருக்க வேண்டும். ஒரு எஞ்சினின் அளவு இன்னொன்றுக்கு ஆகாது. பெட்ரோல் எஞ்சினின் அளவு மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ஆகாது. புத்தகத்தில் பி.டி.டி.சி. என்ற எழுத்துகள் இருந்தால் 'மேல் முனைக்கு முன்னால்' என்று பொருள். ஏ.டி.டி.சி. என்றால் 'மேல் முனைக்குப் பின்னால்'.

மூன்றாம் படி. உண்மையான மேல் முனையைக் கண்டுபிடிக்க வேண்டும். பிளக் துளையில் டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை மாட்டுவார்கள். கடிகாரம் போல முள் இருக்கும். பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினால் முள் நகரும். மேல் முனை அருகே பிஸ்டன் அசையாதது போலவே இருக்கும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு வழி உண்டு. பிஸ்டன் ஏறும் போது ஓர் அளவில் பிளைவீலில் ஒரு கோடு போடுங்கள். இறங்கும் போது அதே அளவில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் மேல் முனை.

நான்காம் படி. பிஸ்டன் மேல் முனையில் இருக்கும் போது, எஞ்சினில் உள்ள சுட்டுமுள் பிளைவீலின் 0 குறிக்கு நேராக இருக்க வேண்டும். இல்லை என்றால் அங்கேயே நிறுத்தி, காரணத்தைத் தேட வேண்டும்.

ஐந்தாம் படி. டைமிங் தட்டை முழு வேகப் பக்கம் கொண்டு போய்த் தடுப்பில் முட்ட வைக்க வேண்டும். புத்தகம் சொல்லும் டிகிரிக்குக் குறி நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்தி, கம்பியைச் சிறிது சிறிதாகத் திருகி, மறுபடி பூட்ட வேண்டும். அதே போல மெதுவாக ஓடும் நிலையையும் பார்க்க வேண்டும். கார்பரேட்டர் திறப்பதும் தட்டு திரும்புவதும் சேர்ந்து நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி. பிளக்கைப் போட்டு, எஞ்சினைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்ப் கெட்டு விடும். டைமிங் லைட் என்று ஒரு விளக்கு உண்டு. அதன் கவ்வியை முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டுவார்கள். பொறி விழும் ஒவ்வொரு முறையும் விளக்கு மின்னும். அந்த வெளிச்சத்தில் பார்த்தால் சுற்றுகிற பிளைவீல் நிற்பது போலத் தெரியும். குறியைப் படிக்கலாம். பிறகு இரண்டாம் சிலிண்டரின் ஒயரில் மாட்டிப் பார்க்க வேண்டும். முதலாவது சரி, இரண்டாவது தவறு என்றால் தட்டைத் திருப்பக் கூடாது. திருப்பினால் சரியாக இருந்ததும் கெட்டு விடும். காயிலையும் ஒயரையும் சோதிக்க வேண்டும்.

இந்த வேலை நடக்கும் போது பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. சேலைத் தலைப்பு, துண்டு, முடி எதுவும் பிளைவீல் அருகே போகக் கூடாது.

அந்தப் பட்டறையில் நடந்த தவறு

இப்போது கதைக்கு வருவோம். அண்ணன் எஞ்சினை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டு போனார். அக்காவும் கூடப் போனார். நானும் போனேன்.

அந்த மெக்கானிக் கம்பியைத் தொடவே இல்லை. முதலில் டயல் கேஜை மாட்டினார். பிஸ்டன் மேல் முனையில் நிற்கிறது. ஆனால் 0 குறி இன்னும் சுட்டுமுள்ளுக்கு வரவில்லை. சுமார் 5 டிகிரி பின்னால் நின்றது.

அவர் பிளைவீலைக் கழற்றினார். பிளைவீலையும் தண்டையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். அதை 'கீ' என்பார்கள். விரல் நகம் அளவுதான். அது பாதி வெட்டுப்பட்டுத் தேய்ந்திருந்தது. முன்பு எப்போதோ நட்டை முறைப்படி இறுக்காமல் விட்டதால் பிளைவீல் நழுவியிருக்கிறது. காந்தமும் குறியும் பின்னால் போய் விட்டன. பொறி பிந்தியது. இழுவை குறைந்தது. இதுதான் முதல் நோய்.

பட்டறைக்காரர் நோயைத் தேடவில்லை. சத்தத்தைக் கேட்டுக் கம்பியைத் திருகினார். 5 டிகிரி பிந்தியதற்கு 10 டிகிரிக்கும் மேலே முன்னால் தள்ளி விட்டார். பெட்ரோலில் கரையில் நன்றாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் கடலில் பிஸ்டன் போனது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. பிளைவீல் நழுவினால் அதில் உள்ள குறியே பொய் சொல்லும். டைமிங் லைட் அந்தப் பொய்யைத்தான் படிக்கும். அதனால்தான் முதலில் மேல் முனையை அளந்து, குறி உண்மை பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் குறியை நம்ப வேண்டும்.

புதிய கீ மிகச் சிறிய சாமான். விலையும் சிறியது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் வேலைக்கும் ஆன செலவுக்கு அக்காவின் வளையல் போனது.

வேலை முடிந்ததும் அக்கா ஒரு காரியம் செய்தார். அவர் நம் வகுப்பில் படித்தவர். மடியிலிருந்து நோட்டை எடுத்தார். "அண்ணே, எத்தன டிகிரியில வச்சிய? புக்குல உள்ளத எனக்கு ஒண்ணு காட்டுங்க" என்றார்.

மெக்கானிக் சிரித்தார். "இத யாரும் எங்கிட்ட கேட்டதில்ல அக்கா" என்றார். புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். எண்ணை நோட்டில் எழுதினார். தேதியையும், மாற்றிய சாமானின் பெயரையும் எழுதினார். கீழே தன் பெயரைக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எத்தனை லிட்டர் எண்ணெய் போனது என்று அதில் எழுதுகிறார். அது வெறும் கணக்கு அல்ல. எஞ்சினின் நாடி அது. 40 லிட்டர் போகும் தூரத்துக்கு 44 லிட்டர் போனால் எஞ்சினில் ஏதோ கோளாறு என்று பொருள். ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்றால் மாதம் 20 நாளுக்கு 80 லிட்டர். மண்ணெண்ணெய் விற்கிற விலையில் 80 லிட்டர் என்ன ஆகும் என்று வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிற்பதற்கு முன்னாலேயே நோட்டு சொல்லி விடும்.

முடிவாக

அன்பானவர்களே, மெக்கானிக்கை நம்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல மெக்கானிக் நம் கரைக்கு டாக்டர் மாதிரி. ஆனால் டாக்டரிடம் 'எனக்கு என்ன நோய்? என்ன மருந்து?' என்று கேட்கிறோம் அல்லவா? அதே போல இங்கேயும் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: மேல் முனையை அளந்து பார்த்தீர்களா?

இரண்டு: புத்தகத்தில் எத்தனை டிகிரி? நீங்கள் எத்தனையில் வைத்தீர்கள்?

மூன்று: இரண்டு சிலிண்டரையும் பார்த்தீர்களா?

இந்த மூன்று கேள்வியையும் இன்று நோட்டில் எழுதுங்கள். எழுதிய பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நாளை வரும் போது மச்சில் கிடக்கும் எஞ்சின் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். எழுத்துகளை நாம் சேர்ந்து பார்ப்போம். உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவுகளை ஒரு தாளில் தமிழில் எழுதி, எஞ்சின் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைப்போம்.

அலை தூக்கும் நேரம் நம் அப்பன்மாருக்குக் கண்ணால் தெரிந்தது. பொறி விழும் நேரம் கண்ணுக்குத் தெரியாது. அதை அளந்துதான் அறிய வேண்டும். அளந்ததைப் படிக்க நமக்கு இப்போது தெரியும்.

எல்லா வள்ளமும் நேரத்துக்குக் கரை சேரட்டும்.